ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட முடியுமா?

"பத்தாயிரத்துக்குள்ள நல்ல மைக் ஒண்ணு சொல்லுங்க." பாட்டு கற்றுக்கொண்டு வீட்டோடு பாடிக்கொண்டிருப்பவர்கள், பரணிலிருந்து வீணையை இறக்கித் தந்தி மாற்றியவர்கள், மகளின் பாட்டை யூடியூபில் ஏற்ற ஆசைப்படும் அப்பாக்கள் என்று யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாடல் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட முடியுமா?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. எந்த மைக் என்பதில் பாதி இந்தப் பதிலிலேயே முடிந்துவிடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கண்டன்சர் என்ற, நுணுக்கமாகக் கேட்கும் மைக் வகையின் விவரத்தாளில் 'செல்ஃப் நாய்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். யாருமே பாடாதபோதும் மைக் தனக்குள்ளேயே எழுப்பும் இரைச்சல் அது. ரோட் என்டி1-ஏ மைக்குக்கு அது 5 டெசிபல். அதைவிட விலை குறைந்த ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு 20 டெசிபல். இந்தப் பதினைந்து டெசிபல் வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யூடியூபில் அரை மணி நேரம் பேசுகிறார்கள். ஸ்டுடியோவில் இருப்பவர்களுக்கு அது சரி. சென்னையில் ஒரு சாதாரண ஃபிளாட்டில், ராத்திரி பதினொரு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தினால், அறையின் சத்தம் முப்பது, முப்பத்தைந்து டெசிபலுக்கு வரும். ஃபேன் ஓடினால் நாற்பதைத் தாண்டும். பகலில் பழைய பேப்பர் வண்டி, குக்கர் விசில், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் சேர்ந்தால் கணக்கே வேண்டாம். நாற்பது டெசிபல் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஐந்தா இருபதா என்று பார்த்து மைக் வாங்குவதில் அர்த்தமில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அறைச் சத்தம் பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில் உறுமிக்கொண்டிருக்கும். மைக்கின் இரைச்சல் மேலே 'ஸ்ஸ்' என்று இருக்கும். அதனால் வீணை மாதிரி மெல்லிய நாதத்தை விடியற்காலையில் பதிவு செய்தால், அறைச் சத்தத்தையும் மீறி அந்த 'ஸ்ஸ்' காதில் விழும். அங்கே மட்டும் அந்தப் பதினைந்து டெசிபலுக்கு மதிப்பு உண்டு. வாய்விட்டுப் பாடுகிறவருக்கு இல்லை.

ஃபேனுக்கு அடுத்தது அறை. பத்துக்குப் பத்து பெட்ரூம், பத்தடி உயரக் கூரை என்பது நம் ஊர் ஃபிளாட்டுகளில் சகஜம். ஒலிக்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது, ஏனென்றால் அது ஒரு கனசதுரம். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று அதிரும் முதல் அலைவரிசை ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் அதுவேதான் என்பதால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். அடுத்தது அதன் இரட்டிப்பு, 114. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ் பக்கம். அதற்குக் கீழே இறங்கி தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே வரும்போது இந்த 114 காத்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு இடத்தில் மட்டும் குரல் திடீரென்று உப்பும், ஓரடி தள்ளி உட்கார்ந்தால் அதே ஸ்வரம் காணாமல் போகும். லட்ச ரூபாய் மைக்கை வைத்தாலும் அது இதைத்தான் உண்மையாகப் பிடித்துக் கொடுக்கும். நீளமும் அகலமும் வேறுபடும் ஹாலுக்கு மாறினாலே பாதி சரியாகிவிடும். ஹால் இல்லையென்றால் அறையின் நட்டநடுவை விட்டுவிட்டு, சுவருக்கு நேராகப் பார்க்காமல் கொஞ்சம் கோணலாக உட்காரலாம்.

மேல் அலைவரிசைகளின் பிரச்சினையைக் கண்டுபிடிக்க ஒரு கைத்தட்டல் போதும். டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை உள்ள அறையில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தட்டலின் வாலில் 'ட்ரிங்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பாட்டிலும் அது வரும். ஸ்டீல் பீரோ இருந்தால் அதுவும் சில ஸ்வரங்களுக்குக் கூடவே பாடும். உள்ளே சாவி தொங்கினால் ஜால்ராவும் உண்டு.

இதற்கு முட்டை டிரே ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெளிச்சத்தத்தையும் தடுக்காது, கீழ் அலைவரிசையையும் உறிஞ்சாது. கரப்பான்பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்த புண்ணியம்தான் மிச்சம். வீட்டிலேயே அதைவிட நல்ல சாமான் இருக்கிறது: இலவம்பஞ்சு மெத்தை. நாலு அங்குலக் கனத்துக்கு அது குரலின் நடுப்பகுதி எதிரொலியை நன்றாகவே விழுங்கும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விளம்பரப் படங்களைப் பார்த்து எல்லோரும் மைக்குக்குப் பின்னால் ஃபோம் வைக்கிறார்கள். மைக் டார்ச் அடிக்கிற மாதிரி ஒரு திசையைப் பார்க்கும் சாதனம். அது பார்ப்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். மெத்தையைச் சாத்த வேண்டியது அந்தச் சுவரில். கீழே இரண்டாக மடித்த ஜமக்காளம், அதன்மேல் ஒரு போர்வை. தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்களுக்குத் தரைதான் மிகப் பக்கத்தில் இருக்கும் சுவர்.

அப்புறம் தூரம். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்கை ஒரு முழத்துக்கு நகர்த்தினால் தூரம் இரட்டிப்பாகிறது, குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது. அறைச் சத்தமும் எதிரொலியும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. இரண்டு முழம் என்றால் இன்னொரு 6 போகிறது. 'ஏதோ பாத்ரூம்ல பாடின மாதிரி இருக்கு' என்ற புகாரில் பெரும்பாலானவை மைக்கின் குற்றமல்ல, அந்த ஒரு முழத்தின் குற்றம். அதற்காக வாயோடு ஒட்டவும் முடியாது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குகள் பெரும்பாலும், நாலு விரல் தூரத்துக்குள் போனால் கீழ் ஒலியைக் கூட்டிக் காட்டும். வானொலி அறிவிப்பாளருக்கு அது அழகு. பிருகா என்ற வேகமான ஸ்வரக் கோவைகளைப் போடும்போது தலையை ஆட்டிப் பாடுகிறவருக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குரலின் நிறம் மாறும். ஒரு சாண்தான் சரியான இடம்.

ஃபேனை நிறுத்தவே முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு வகை மைக்கின் முதுகுப்பக்கம்தான் அதற்கு மிகக் குறைவாகக் கேட்கும் இடம். சின்ன ஸ்டாண்டில் கீழிருந்து வாயைப் பார்த்து மைக்கை வைத்தால் அது உங்கள் தலைக்கு மேல் ஃபேனையும் சேர்த்துப் பார்க்கிறது. அதையே நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கிக் கீழே பார்க்குமாறு தொங்கவிட்டால் முதுகு ஃபேனுக்குப் போய்விடும். 'ப' வரும்போது காற்று மைக்கில் நேராக மோதுவதும் குறையும். காற்றோட்டம் மைக்கில் படாமல் ஒரு ஃபோம் தொப்பி போட்டு, ஃபேனை இரண்டில் வைத்தால் போதும். முழுசாகப் போகாது. சித்திரையில் வியர்வையோடு பாடுவதற்கு இது தேவலை.

இத்தனைக்கும் பிறகுதான் மைக். மலிவு விலையில் இரண்டு சாதிகள்: டைனமிக், கண்டன்சர்.

டைனமிக்கில் ஷூர் எஸ்எம்58-ஐயும் எஸ்எம்57-ஐயும் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 57 வந்தது 1965-இல், 58 அதற்கடுத்த ஆண்டு. இன்றைக்கும் இரண்டும் விற்கின்றன. கச்சேரி மேடையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 58, இல்லையென்றால் அதன் சாயலில் செய்த ஏதோ ஒன்று. அமெரிக்க அதிபர் பேசும் மேடையில் பல பத்தாண்டுகளாக ஜோடியாக நிற்பது 57. ஒரு டைனமிக் மைக் கீழே விழுந்தாலும் பிழைக்கும், இயங்குவதற்கு வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கேட்காது, ஒரு சாணுக்கு அப்பால் நடப்பதில் அவ்வளவாக அக்கறை காட்டாது. இந்த அசட்டைதான் நம் வீடுகளுக்கு வரம். மேல் ஒலி 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். வாய்ப்பாட்டுக்கு அதுவே தாராளம்.

அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சத்தத்தை மின்சாரமாக மாற்றுவதில் அது சோம்பேறி. ஒரே அளவு ஒலிக்கு எஸ்எம்58 கொடுப்பது 1.85 மில்லிவோல்ட். ஏடி2020 கொடுப்பது 14 மில்லிவோல்ட். அந்த இடைவெளியை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ்தான் பெருக்கிக் கொடுத்தாக வேண்டும். திறந்த குரலில் பாடுகிறவருக்குச் சிக்கல் இல்லை. ஒரு முழம் தள்ளி வீணையை வைத்தால், மலிவு இன்டர்ஃபேஸின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் குமிழைக் கடைசிவரை திருகி, அதன் இரைச்சலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மெல்லிய கருவிகளுக்குக் கண்டன்சர் வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இது.

கண்டன்சரில் மலிவானவை பல பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். கேட்பதற்கும் ஒன்றுபோலவே இருக்கும், எல்லாவற்றிலும் 'ச', 'ஷ' கீறும். இதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 1960-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் யு67 என்ற மைக்கைக் கொண்டுவந்தது. அதில் ஒலியை வாங்கும் பாகமான கே67 கேப்ஸ்யூல் மேல் ஒலிகளைத் தூக்கிக் காட்டும் சுபாவம் கொண்டது. உள்ளே இருந்த மின்சுற்று அதே அளவுக்கு மேல் ஒலியை அடக்கும். இரண்டும் சேர்ந்தால் சமனாக வரும். பிற்பாடு கேப்ஸ்யூலை நகலெடுத்தவர்களில் பலர் அடக்கும் பாதியை விட்டுவிட்டார்கள். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது 'ஆஹா, எவ்வளவு தெளிவு' என்று தோன்றுவது இந்தத் தூக்கல்தான். வீட்டில் ஒரு முழுக் கீர்த்தனை பாடிக் கேட்டால் பல் கூசும். கழுத்தை நீட்டிப் பாடும் ஐந்தரைக் கட்டைப் பெண்குரலுக்கு இந்த வகை மைக்கை நான் சிபாரிசு செய்வதே இல்லை. ஏடி2020 அந்த விஷயத்தில் நிதானமானது. அதனால்தான் கண்டன்சர் வேண்டும் என்பவர்களுக்கு அதில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

வாத்தியங்களில் நான் அதிகம் பதிவு செய்வது மிருதங்கம், காரணம் மிருதங்கம் வாசிக்கும் என் பெரியப்பா. வலது முகமான வலந்தலைக்கு ஒரு மைக், இடது முகமான தொப்பிக்கு ஒரு மைக் என்று இரண்டு 57-ஐ வைத்துப் பதிவு செய்து போட்டுக் காட்டினால், "ஏம்ப்பா, தொப்பியே கேக்கலையே. நான் ரவை போட்டது போதலையா?" என்றார். தொப்பியின் நடுவில் அப்பும் ரவைப் பசையில் குறையில்லை. தொப்பியில் அடி விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, தன் மைக்கை விட்டு விலகுகிறது. உள்ளிருக்கும் காற்று தள்ளி வலந்தலைத் தோல் வெளியே புடைக்கிறது, தன் மைக்கை நெருங்குகிறது. ஒரே அடியை ஒரு மைக் இழுப்பாகவும் மற்றது தள்ளலாகவும் பதிவு செய்கின்றன. இரண்டையும் கூட்டினால் கீழ் நாதம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. மென்பொருளில் ஒரு தடத்துக்கு மட்டும் ஃபேஸைத் திருப்பும், அதாவது இழுப்பைத் தள்ளலாக மாற்றும் பட்டன் இருக்கும், வட்டத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதை அழுத்தியதும் தொப்பியின் கும்கி என்ற அந்தக் கீழ் நாதம் எழுந்து வந்தது. பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப பேசுது" என்றார். அதற்குப் பைசா செலவில்லை.

ஒரே மைக்தான் இருக்கிறதென்றால் வாசிப்பவருக்கு நேர் எதிரே, ஒன்றரை முழம் தள்ளி, மிருதங்கத்தைவிடச் சற்று உயரத்தில் வையுங்கள். இரண்டு முகமும் சமமாக வரும், ஃபேஸ் தலைவலியும் இல்லை. வலந்தலையில் விழும் மீட்டு, சாப்பு என்ற அடிகள் பிரிந்து கேட்க வேண்டுமானால் வலந்தலைப் பக்கம் ஒரு கை நகர்த்திக்கொள்ளலாம்.

வீணைக்குக் கண்டன்சர்தான். குடத்துக்கும் மெட்டுகளுக்கும் நடுவே பார்க்குமாறு, ஒரு முழத்தில். குடத்தின் மேலேயே ஒட்டும் பிக்கப் மேடையில் உதவும், ஆனால் அதில் வரும் நாதம் தகரம். புல்லாங்குழலில் ஊதும் துளைக்கு நேரே வைத்தால் காற்றுச் சத்தம் வரும் என்பதால் விரல்களின் பக்கம் நகர்த்த வேண்டும். வயலினுக்குச் சின்ன டயாஃப்ரம் (ஒலிக்கு அதிரும் சவ்வு) உள்ள கண்டன்சர் பொருந்தும், பெரிங்கர் சி-2 ஜோடியாகவே விற்கிறது. நாதஸ்வரத்தில் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்குள் மைக்கை நுழைக்காமல் தள்ளி நிற்கப் பழகினால் ஒரு 57 அதைத் தாங்கும். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நான் தேர்ந்தெடுக்கும் இடம் மொட்டை மாடி. கூரை இல்லாததால் எதிரொலி இல்லை. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு ஏறுவது நல்லது.

பணம் மைக்கோடு முடிவதில்லை. மூன்று முள் செருகி உள்ள எக்ஸ்எல்ஆர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ், கேபிள், குட்டையான பூம் ஸ்டாண்ட், மூடிய வகை ஹெட்ஃபோன் எல்லாம் வேண்டும். ஸ்டாண்டுக்குப் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள், மலிவு ஸ்டாண்ட் பல்லவியில் நிமிர்ந்து நின்று சரணத்தில் தலை குனியும். கேபிள் சென்னையில் ரிச்சி தெருவில் மலிவாகவே கிடைக்கும். மொத்தமே பத்தாயிரம்தான் என்றால், யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள சாம்சன் க்யூ2யு மாதிரி ஒரு டைனமிக் மைக் புத்திசாலித்தனம். இன்று நேராக லேப்டாப்பில் செருகலாம், நாளை இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக் தொடரும். இரண்டு யுஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் ஒரே கணினியில் ஓட்டுவது மட்டும் வீண் வம்பு.

'ம்ம்' என்று ஓயாத ஹம் வந்தால் மைக்கைத் திட்டாதீர்கள். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிளக்கில் மூன்றாவது துளை இருந்தும் சுவருக்குள் எர்த் இல்லாத வீடுகள் நிறைய. மின்வெட்டில் ஓடும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும், ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் 'ஞ்ஞ்' என்று சேர்ந்து பாடும்.

சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதிவு செய்வதையும் விட்டுவிட வேண்டும். அது குரல் தடத்தில் கலந்துவிட்டால் பிறகு சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். செயலியின் தம்புராவை ஹெட்ஃபோனில் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதை உங்கள் குரலுக்கு விடுங்கள்.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஸ்டாண்ட், ஃபோம், ஷாக் மவுண்ட் என்று பெரிய பெட்டியில் வரும் பிஎம்-800 பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் பலர் பலவிதமாகச் செய்து விற்கிறார்கள். பலவற்றின் பெரிய கூண்டைத் திறந்தால் உள்ளே காலர் மைக்கில் இருக்கும் அளவுக்கு ஒரு சின்ன எலக்ட்ரெட் பொட்டு இருக்கும். எலக்ட்ரெட், அதாவது நிரந்தர மின்னூட்டம் ஏற்றிய கண்டன்சர் என்பது, வசைச்சொல் அல்ல. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய அந்த உத்தியில்தான் ஏடி2020-யும் வேலை செய்கிறது. பொட்டுக்குப் பெரிய கூண்டைப் போட்டு ஏமாற்றுவதுதான் எரிச்சல்.

அதே பொட்டை ஒளிக்காமல் விற்கும் காலர் மைக்கை அதற்குப் பதிலாக வாங்கலாம். போயா பிஒய்-எம்1 ஆறு மீட்டர் வயரோடு வரும், எல்லாத் திசையும் கேட்கும், கிட்டே போனாலும் கீழ் ஒலி உப்பாது. சட்டையில் குத்தாமல் ஒரு குச்சியில் கட்டி வாய்க்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, பின்னால் மெத்தையைச் சாத்திப் பாடிப் பாருங்கள். தவறான அறையில் வைத்த கண்டன்சரை அது பல சமயம் தோற்கடிக்கும்.

போனில் உள்ள மைக்கே கூட மோசமில்லை. கெடுப்பது அதன் மென்பொருள். மாறாமல் ஒலிப்பது எதுவாக இருந்தாலும் இரைச்சல் என்று முடிவுகட்டித் தம்புராவை விழுங்கிவிடும், நீண்ட கார்வையின் நடுவில் குரலையும் தணிக்கும். இரைச்சல் நீக்கத்தை அணைக்க வழியுள்ள பதிவுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். ஆன்லைன் வகுப்புக்கு ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பு இருப்பதும் இதற்காகத்தான்.

எஸ்எம்58 வாங்கும்போது போலிகள் ஜாக்கிரதை. உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அது ஒன்று. பாதி விலைக்குக் கிடைத்தால் அங்கேயே சந்தேகப்படலாம். அசலின் எடை 298 கிராம், சமையலறைத் தராசே போதும். பழசாக வாங்கினால் டைனமிக்கைத் தைரியமாக வாங்கலாம். கூண்டு நசுங்கியிருந்தாலும் பாடிக் காட்டினால் போதும்.

பழைய கண்டன்சரை மட்டும் சும்மா வாங்கிவிடாதீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊர்களில் டயாஃப்ரத்தில் ஈரம் படிந்தால் பொரிகடலை வறுபடுகிற சத்தம் வரும். வாங்குமுன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பத்து நிமிடமாவது மௌனமாகக் கேளுங்கள். புதிதாக வாங்கியதையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், தவிடு கூண்டுக்குள் இறங்கும். பொரிகிற சத்தம் வந்துவிட்டால் பயந்து கழற்றாமல், புதுப் பொட்டலங்களோடு டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஈரம்தான் காரணம் என்றால் பெரும்பாலும் அடங்கிவிடும்.